கமராவின் சாவி யார் கையில்?

முன்னர் கண்காணிப்புக் கமரா என்றால் அது வங்கிக்கும் நகைக்கடைக்கும் உரிய பொருள். இப்பொழுது வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீட்டின் முகப்பிலும் அது தொங்குகின்றது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மகன் காசு அனுப்புகிறார். ரவுணிலிருந்து ஒரு தம்பி வந்து, ஏணி வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். அன்றிரவே அங்கிருந்து மகன் கதைக்கிறார்: “அம்மா, படலை திறந்து கிடக்குது, பூட்டிப்போட்டுப் படுங்கோ.”

தனியே இருக்கும் தாய்க்கு இது பெரிய ஆறுதல். பிள்ளை பக்கத்தில் நிற்பது போன்ற உணர்வு. ஆண்துணை இல்லாத வீடு என்று இரவில் கல்லெறிந்து பார்ப்பவர்களும், கதவைத் தட்டிவிட்டு ஓடுபவர்களும் கமராவைக் கண்டால் சற்றுத் தயங்கத்தான் செய்வார்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் பூட்டு வாங்கும்போது சாவி எத்தனை, அவை யாரிடம் இருக்கின்றன என்று பார்க்கிறோம் அல்லவா? கமராவுக்கும் சாவி உண்டு. அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

படம் எந்த வழியால் போகின்றது?

இணையத்தோடு தொடுக்கப்பட்டு, தானாகவே தகவல் அனுப்பியும் பெற்றும் இயங்குகின்ற பொருட்களை ‘ஸ்மார்ட்’ சாதனங்கள் என்கிறார்கள். கமரா மட்டுமல்ல. தொலைக்காட்சிப் பெட்டி, கைமணிக்கூடு, மின்குமிழ், பிளக், கதவுப் பூட்டு, அழைப்பு மணி, நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் சிறிய ஒலிபெருக்கி என்று பட்டியல் நீண்டு போகும். எங்கள் பக்கத்தில் இப்போதைக்குக் கமராவும் தொலைக்காட்சியும்தான் அதிகம். மற்றவை வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்குள் சொக்லேற்றோடும் சவர்க்காரத்தோடும் ஒன்றிரண்டாக வந்து சேருகின்றன.

இவை எல்லாவற்றிலும் மூன்று இடங்கள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று, வீட்டிலே இருக்கும் பொருள். இரண்டாவது, அதைச் செய்த கொம்பனியின் கணினி. அது எந்த நாட்டிலும் இருக்கலாம். மூன்றாவது, அந்தப் பொருளைத் தன் பெயரில் பதிந்தவரின் கைத்தொலைபேசி. முகப்பில் உள்ள கமரா எடுக்கும் படம், வீட்டு ரவுட்டர் வழியாக இணையத்துக்குப் போய், கொம்பனியின் கணினியின் உதவியோடு கைத்தொலைபேசியைச் சென்றடைகின்றது. ஆகவே அடுத்த அறையில் இருப்பவருக்கும் ரொறொன்ரோவில் இருப்பவருக்கும் அந்தக் கமரா ஒரே தூரம்தான். யார் பக்கத்தில் இருக்கிறார் என்பது அதற்குப் பொருட்டல்ல. யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கின்றது என்பதையே அது பார்க்கும்.

பதிவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி அல்லது தொலைபேசி இலக்கம் வேண்டும், ஒரு கடவுச்சொல் வேண்டும். இந்த இரண்டுமே சாவி. இவற்றை வைத்திருப்பவர் ‘உரிமையாளர்’. மற்றவர்களுக்கு அவர் விரும்பினால் பார்க்க அனுமதி கொடுப்பார், விரும்பாவிட்டால் எடுத்துவிடுவார். உரிமையாளர் இப்போது நடப்பதையும் பார்க்கலாம், நேற்று நடந்ததையும் திருப்பிப் பார்க்கலாம். பெரும்பாலான வீட்டுக் கமராக்களில் ஒலிவாங்கியும் இருக்கின்றது. இதைப் பலர் மறந்து போகிறார்கள். படம் பிடிக்கின்றது என்று தெரிந்தவர்களுக்குக்கூட அது காது கொடுத்துக் கேட்கின்றது என்பது தெரியாது. உங்கள் விறாந்தையில் மாதர் சங்கக் கூட்டம் நடக்கலாம். காணாமற்போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் உங்களிடம் மனந்திறந்து அழலாம். அடி வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று இரகசியமாக யோசனை கேட்க வரலாம். அவர்கள் உங்களை நம்பி வந்தவர்கள். உங்கள் தலைக்கு மேலே தொங்கும் பெட்டியை நம்பி வந்தவர்கள் அல்லர்.

இதில் முதலாவது கவனக்குறைவு பூட்டும் நாளிலேயே நடந்துவிடுகின்றது. பூட்ட வரும் தம்பி, வேலை செய்கின்றதா என்று பார்ப்பதற்காகத் தன்னுடைய கைத்தொலைபேசியில் முதலில் பதிகிறார். படம் வந்ததும் “சரி அக்கா, வருகுது” என்று காட்டுகிறார். பிறகு உங்களுடைய போனுக்கும் வெளிநாட்டு மகனுடைய போனுக்கும் பார்க்கும் அனுமதியைப் பகிர்ந்துவிட்டுப் போகிறார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் பெயரை எடுக்காதவரைக்கும் அந்தக் கமராவின் உரிமையாளர் அவரே. நீங்கள் அவருடைய கமராவை உங்கள் செலவில் உங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறீர்கள்.

பாதுகாப்பும் பார்வையும்

2009இல் செட்டிக்குளத்து முகாம்களில் இருந்த சகோதரிகளுக்கு மறைப்பு என்பதன் அருமையை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரே தறப்பாளின் கீழே பல குடும்பங்கள். உடுப்பு மாற்ற ஒருத்தி, சேலையை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி. குளிக்கப் போனால் பார்க்கும் கண்கள். அதற்குப் பிறகு ஊர் திரும்பியபோதும் யார் வந்தார், யார் போனார், எத்தனை நாள் தங்குவார் என்று படலையில் நின்று கேட்டெழுதிய காலம் ஒன்று இருந்தது. கடைசியில் நான்கு சுவரும் ஒரு கதவும் கிடைத்தபோது, வீடு கிடைத்தது என்பதைவிடக் கதவைச் சாத்தலாம் என்பதே பலருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தச் சாத்திய கதவுக்குள்ளே நாங்களாகவே ஒரு கண்ணைக் கொண்டுவந்து வைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அன்போடு தொடங்குவது எப்படிக் கட்டுப்பாடாக மாறுகின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் மாதம் படலையைப் பூட்டச் சொல்லும் தம்பி, மூன்றாம் மாதம் “அக்கா எங்கை போட்டு ஆறு மணிக்கு வந்தவ?” என்று அம்மாவிடம் கேட்பார். ஆறாம் மாதம், வந்து இறக்கிவிட்ட ஓட்டோக்காரர் யார் என்று கேட்பார். கணவனை இழந்த ஒரு பெண் வெளியே போய் வருவதற்கு ஏற்கெனவே ஊர் முழுவதும் கணக்கு வைத்திருக்கின்றது. அந்தக் கணக்குக்கு இப்போது நாள், நேரம், படம் எல்லாம் சேர்ந்து கிடைக்கின்றன. தூரத்தில் இருப்பவருக்கு ஊரின் முழு நிலைமை தெரியாது. படத்தில் விழுந்த துண்டு மாத்திரம் தெரியும். அதை வைத்து அவர் பயப்படுகிறார், கோபப்படுகிறார். காசு அனுப்புபவர் என்பதால் அவருக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கின்றது. இதற்கு மருந்து தொழில்நுட்பத்தில் இல்லை. முற்றத்தைப் பார், வீட்டுக்குள்ளே வேண்டாம், இரவிலே பார், பகலிலே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே பேசி முடிவெடுப்பதுதான் நல்லது. பெரும்பாலான பிள்ளைகள் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

கெட்ட நோக்கத்தோடு ஒருவர் சாவியை வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடுகளில் நடந்தவற்றையே பார்க்கலாம். 2018ஆம் ஆண்டு நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்கள் உதவி நிலையங்களுக்குச் சொன்ன முறைப்பாடுகளை வெளியிட்டது. ஒரு பெண்ணின் வீட்டில் குளிரூட்டி அவர் தொடாமலே நின்றுவிடுகின்றது. இன்னொருவர் வீட்டு முன்கதவின் இலக்கப் பூட்டு ஒவ்வொரு நாளும் வேறு இலக்கத்துக்கு மாறுகின்றது. மற்றொருவர் வீட்டில் அழைப்பு மணி அடிக்கின்றது, போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. பேய் பிசாசு அல்ல. பிரிந்துபோன அல்லது வெளியே நிற்கும் ஆண் தன் கைத்தொலைபேசியிலிருந்து செய்த வேலைகளாகவே இப்படிப்பட்டவை இருந்தன. அந்தச் சாதனங்களை வாங்கியவரும் பூட்டியவரும் கடவுச்சொல் வைத்தவரும் பெரும்பாலும் ஆண்களே. வீட்டில் இருந்த பெண்ணுக்கு ஆளி எங்கே என்பது மட்டும்தான் தெரியும். இவற்றை வெளியே சொன்னபோது சிலரைப் பார்த்து “உனக்குத் தலை சரியில்லை” என்று சொல்லப்பட்டது என்பதுதான் மிகவும் வேதனையானது. அதே 2018இல் பிரித்தானியாவில், பிரிந்த மனைவியின் வீட்டுச் சுவரில் விளக்குகளை இயக்கப் பூட்டியிருந்த ஒரு கருவியின் ஒலிவாங்கி வழியாக அவருடைய பேச்சை ஒட்டுக்கேட்ட கணவருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

குடும்பத்துக்கு வெளியேயும் கண்கள் உள்ளன. அமெரிக்காவின் ‘ரிங்’ என்பது வீட்டுக் கமராக்களும் அழைப்பு மணிகளும் விற்கும் பெயர்பெற்ற கொம்பனி. அமேசன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2023இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன் மீது ஒரு வழக்கைத் தொடுத்தது. 2017இல் அங்கு வேலை செய்த ஓர் ஆண் ஊழியர், படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் கமரா வைத்திருந்த பெண்களின் ஆயிரக்கணக்கான ஒளிப்பதிவுகளை மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. கூட வேலை செய்த ஒரு பெண்தான் இதைக் கவனித்து மேலதிகாரியிடம் சொன்னார். பொறியியலாளர் என்றால் இப்படி நிறையப் பார்ப்பது வழமைதான் என்பதாகவே முதலில் பதில் கிடைத்தது என்று ஆணைக்குழுவின் மனு சொல்கின்றது. அந்த ஆள் அழகான பெண்களின் பதிவுகளை மட்டும் தெரிந்து பார்க்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நடவடிக்கை வந்தது. 58 இலட்சம் டொலர் கொடுக்கக் கொம்பனி இணங்கி வழக்கு முடிந்தது. காதுக்கு எட்டியதைச் சொன்ன அந்தப் பெண்ணின் பேச்சை முதல் நாளே எடுத்திருக்கலாம்.

யாரென்றே தெரியாதவர்களும் வரலாம். 2025 நவம்பர் இறுதியில் தென்கொரியப் பொலிஸார் நான்கு பேரைக் கைது செய்தது பற்றி அறிவித்தார்கள். சுமார் 1,20,000 கமராக்களுக்குள் அவர்கள் புகுந்திருந்தார்கள். வீடுகளில் இருந்தவையும், பெண்நோயியல் வைத்தியசாலை ஒன்றில் இருந்ததும் அவற்றுள் அடக்கம். இரண்டு பேர் அந்தப் படங்களை ஆபாசத் தளம் ஒன்றுக்கு விற்றிருக்கிறார்கள். எப்படிப் புகுந்தார்கள்? பெரிய வித்தை எதுவுமில்லை. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது, 1234 என்பது போல வரிசையாக எழுதியது என்று கடவுச்சொற்கள் அவ்வளவு இலேசாக இருந்தன. 2016இல் ‘மிராய்’ என்ற கெடுநிரல் உலகமெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்ததும் இதே வழியால்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றவில்லை. அந்தச் சொற்கள் அறுபதளவில் ஒரு பட்டியலாக அந்த நிரலுக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, கதவு திறந்தது. இதன் பிறகு விழித்துக்கொண்ட பிரித்தானியா, எல்லாப் பெட்டியிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்து இத்தகைய பொருட்களை விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்தது.

வேலைத்தலத்தில்

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இதை வேறு வடிவில் அறிவார்கள். வாசலில் விரலை வைத்தால்தான் வரவு பதியும். உள்ளே, மணித்தியாலத்துக்கு எத்தனை துண்டு என்று மேற்பார்வையாளர் கரும்பலகையில் எழுதிய காலம் போய், மெசினருகில் வைத்த சிறு கருவியில் ஒவ்வொரு கட்டும் பதிவாகி, அந்த நிமிடமே அலுவலகத் திரையில் எண்ணிக்கை ஏறும் முறை பல தொழிற்சாலைகளில் வந்துவிட்டது. இதில் நன்மையும் உண்டு. பத்துத் தைத்தவளுக்கு எட்டு என்று எழுதிவைக்கும் பாரபட்சம் குறையும். எந்த வரிசையில் வேலை தேங்குகின்றது என்று உடனே தெரியும்.

ஆனால் கருவிக்கு எண்ணிக்கை மாத்திரமே தெரியும். ஊசி முறிந்தது, முன்னாலே இருப்பவளிடமிருந்து துண்டு வரவில்லை, மின்சாரம் நின்றது, மாதவிடாய் வயிற்றுவலியோடு ஒருத்தி கழிவறைக்குப் போய் வந்தாள், காலுக்குள் இன்னும் ஷெல் துண்டு இருக்கும் ஒருத்தி சற்று எழுந்து நின்றாள் - இவை எல்லாம் திரையிலே வெறும் பூச்சியம். இந்தப் பூச்சியத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. பிரான்ஸில் அமேசனின் களஞ்சியசாலைகளை நடத்தும் நிறுவனத்துக்கு 2023 டிசெம்பரில் 320 இலட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. விதித்தது அந்நாட்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை. அங்கே ஊழியர்கள் ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்கும் கருவி, பத்து நிமிடமோ அதற்கு மேலோ எதுவும் பதியாவிட்டால் ‘சும்மா இருந்தார்’ என்று காட்டும். அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் பதிந்தாலும் பிழை என்று காட்டும். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஊழியர் காரணம் சொல்லும் நிலையை உருவாக்குவது வரம்பு மீறிய கண்காணிப்பு என்று அந்த அதிகாரசபை தீர்ப்புச் சொன்னது. கலிபோர்னியா மாநிலமோ 2021இல் ஒரு சட்டம் செய்தது. பெரிய களஞ்சியசாலைகளில் ஊழியர் எட்டவேண்டிய இலக்கை எழுத்திலே கொடுக்க வேண்டும், இலக்கின் பெயரால் சாப்பாட்டு நேரத்தையும் கழிவறைக்குப் போவதையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அது பிரான்ஸ், அது கலிபோர்னியா என்று விட்டுவிடத் தேவையில்லை. எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கின்றது. ஒருவரைப் பற்றிய தகவலைச் சேர்ப்பவர் எதற்காகச் சேர்க்கிறார் என்று சொல்லவேண்டும், அந்த ஒருவர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறலாம் என்பதே இப்படியான சட்டங்களின் அடிப்படை. சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போகச் சொல்லவில்லை. ஊழியர் சபைக் கூட்டத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து “எங்கள் எண்ணிக்கையை நாங்களும் பார்க்கலாமா? மெசின் பழுதான நேரத்தைக் கழிக்கிறீர்களா?” என்று கேட்பதில் பிழையில்லை. மெசின் பழுதான நேரத்தையும் துண்டு வராத நேரத்தையும் ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ள கணக்கோடு வாக்குவாதப்பட எங்களிடமும் ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் சகோதரிகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. அவர்களுக்கு வேலைத்தலமும் வீடும் ஒன்றே. வரவேற்பறையிலும் சமையலறையிலும் குழந்தையின் அறையிலும் கமரா இருப்பது அங்கு சாதாரணம். வீட்டு எசமானி கடையிலிருந்துகொண்டே, ஏன் இன்னும் பாத்திரம் கழுவவில்லை என்று கமராவினூடாகவே கேட்கலாம். தங்குவதற்குத் தனி அறை கொடுக்காமல் சமையலறையிலோ குழந்தையின் அறையிலோ படுக்கவிட்டால், உடுப்பு மாற்றுவதும் உறங்குவதும்கூடப் பதிவாகும். சர்வதேசத் தொழில் தாபனம் 2011இல் நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு அவருடைய அந்தரங்கத்தை மதிக்கும் வாழ்க்கை நிலைமை வேண்டும் என்று சொல்கின்றது. போன முதல் நாளிலேயே எங்கெங்கே கமரா இருக்கின்றது என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடுப்பு மாற்றக் குளியலறையைப் பயன்படுத்துங்கள். கமராவின் மேல் நீங்களாகத் துணி போடவோ கம்பியைக் கழற்றவோ வேண்டாம். களவு செய்யவே மறைத்தாள் என்று முறைப்பாடு வரக்கூடும். அடித்தால், துன்புறுத்தினால் கமரா சாட்சி சொல்லும் என்று நினைக்கிறோம். சொல்லும்தான். ஆனால் அந்தச் சாட்சியின் சாவி அடித்தவர் கையில் இருக்கின்றது. ஆகவே எந்த நாள், எந்த அறை, என்ன நேரம் என்று ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு உடனே சொல்லி வையுங்கள். பிறகு தூதரகத்திலோ பொலிஸிலோ அந்த நேரத்துப் பதிவைக் கேட்டுப் பெறுமாறு கோருவதற்கு அது உதவும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

இந்தச் சாதனங்களால் உண்மையான பயன் பெறக்கூடியவர்கள் எங்கள் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் இருப்பவர், இரு கைகளையும் இழந்தவர், பார்வை போனவர் - இவர்களுக்கு எழுந்து போய் ஆளியைத் தேடாமல் வாயால் சொல்லி விளக்கைப் போடுவது ஆடம்பரம் அல்ல. இரவு இரண்டு மணிக்கு இன்னொருவரை எழுப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பேச்சைக் கேட்கும் ஒலிபெருக்கிகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கட்டளையிட வேண்டியிருக்கின்றது என்பது ஒரு குறை. ‘லைற் ஓன்’, ‘லைற் ஓப்’ என்ற இரண்டு சொல்லோடு சமாளிக்கலாம். மின்சாரம் நின்றாலோ இணையக் கட்டணம் கட்டாவிட்டாலோ இவை மௌனமாகிவிடும் என்பதால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ரோச் லைற்றும் இருக்கட்டும்.

கமரா வாங்குவதாக இருந்தால் பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகளைத் தவிருங்கள். மெமரி காட்டில் பதியும் வகை கிடைத்தால் நல்லது. பதிவு உங்கள் வீட்டிலேயே இருக்கும், மாதாமாதம் கட்டணமும் இல்லை. பூட்டவரும் தம்பியிடம் உங்களுடைய கைத்தொலைபேசியைக் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலிலேயே முதலில் பதியச் சொல்லுங்கள். மின்னஞ்சல் இல்லையென்றால் அன்றைக்கே ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பத்து நிமிடத்தில் செய்து தரும். கடவுச்சொல்லை நீங்களே தெரிவு செய்து, நீங்களே அழுத்துங்கள். பெயர், பிறந்த ஆண்டு, 123456 எதுவும் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் மற்றவர்களால் ஊகிக்க முடியாது, உங்களுக்கும் மறக்காது. அப்படியும் மறந்துவிடும் என்று பயமென்றால் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். கமராவின் அடியிலே ஒட்டிவைக்க வேண்டாம். செயலியில் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டு விடுங்கள். அதன் பிறகு கடவுச்சொல் தெரிந்தவரும் உங்கள் போனுக்கு வரும் இலக்கம் இல்லாமல் உள்ளே வரமுடியாது. அந்த இலக்கத்தைக் கேட்டு யார் எடுத்தாலும், கொம்பனியிலிருந்து கதைக்கிறோம் என்றாலும், கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே கமரா இருக்கின்றதென்றால் செயலியைத் திறந்து, யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கின்றது என்ற பகுதியைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியே உங்கள் போனில் இல்லை என்றால் உரிமையாளர் நீங்கள் அல்லர் என்று அர்த்தம். படலைக்கும் முற்றத்துக்கும் கமரா போதும். அது அயல்வீட்டுக் கிணற்றடியைப் பார்க்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். படுக்கையறைக்கும் உடுப்பு மாற்றும் இடத்துக்கும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நோயாளியைப் பார்க்க உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்றால், அவரைத் துடைத்து உடுப்பு மாற்றும் நேரத்தில் பிளக்கைக் கழற்றுங்கள். அவருக்குப் பேச முடியாவிட்டாலும் வெட்கம் இருக்கின்றது.

கணவரிடமிருந்து பிரிந்திருப்பவர்கள், அவரால் துன்புறுத்தப்படுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவர் கமரா மூலமோ போன் மூலமோ பார்க்கிறார் என்று தெரிந்தவுடன் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கழற்றி எறியத் தோன்றும். கழற்றிய அதே நிமிடம் அவருக்கும் தெரிந்துவிடும். பார்வை போய்விட்டது என்ற கோபத்தில் நேரே புறப்பட்டு வரக்கூடும். ஆகவே முதலில் பாதுகாப்பான இடமும் துணைக்கு ஆளும் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கழற்றும் முன்னர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கின்றது என்று காட்டும் திரையையும், அவர் அனுப்பிய செய்திகளையும் வேறொருவருடைய போனால் படம் எடுத்து வையுங்கள். யோசனை கேட்பதற்கு அவர் வாங்கித் தந்த போனைப் பாவிக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதைக்கு மட்டுமன்றி மனரீதியான துன்புறுத்தலுக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலும், பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் பேசலாம். பெண்களுக்கான தேசிய உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

பழைய கமராவையோ தொலைக்காட்சியையோ விற்கும்போதும், திருத்தக் கொடுக்கும்போதும், யாருக்காவது இரங்கிக் கொடுக்கும்போதும் மெமரி காட்டை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு பொருளின் பின்பக்கத்திலோ அடியிலோ ஊசி நுழையும் அளவில் ஒரு துவாரம் அல்லது சிறு பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதைப் பத்து விநாடிகள் வரை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கமராக்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். தொலைக்காட்சியில் அதை அமைப்புகள் என்ற பகுதிக்குள் போய்ச் செய்யவேண்டும். செயலியிலும் அந்தப் பொருளின் பெயரை நீக்குங்கள். இரண்டாம் கையாக வாங்குபவர்களும் வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன், ரவுட்டரில் தொடுப்பதற்கு முன்னர், இதே பொத்தானை ஒருதரம் அழுத்திப் பிடியுங்கள். அப்படிச் செய்தும் பழைய உரிமையாளரின் பெயரையே அது கேட்டுக்கொண்டிருந்தால், விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடுங்கள்.